பாரடைஸுக்கு ஐம்பது அடி தள்ளி

என் மச்சானும் நானும் இருபத்திரண்டு வருஷம் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. அதற்காக ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாமல் இருந்ததும் இல்லை. அவன் என் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. போகாமல் இருந்தால் அவள் விடுவாளா? பொங்கல், வளைகாப்பு, கருமாதி எல்லாவற்றுக்கும் போவோம். அவன் வீட்டு விசேஷங்களில் அவனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரிமாற வருவான். என் இலைக்கு முன்னால் வாளியோடு நிற்பான். ஆனால் என்னைப் பார்க்க மாட்டான். பக்கத்து இலையில் இருக்கும் அவன் அக்காவைப் பார்ப்பான்.

“அக்கா, மாமாவுக்கு சாம்பார் வேணுமான்னு கேளு.”

“இன்னாங்க, சாம்பார் வேணுமான்னு கேக்கிறான்.”

“கொஞ்சம் ஊத்தச் சொல்லு.”

“கொஞ்சமா ஊத்தணுமாம்டா.”

இவ்வளவும் முடிகிற வரைக்கும் கரண்டி என் தலைக்கும் இலைக்கும் நடுவில் அந்தரத்தில் நிற்கும். சில நாள் இலையில் சொட்டும், சில நாள் சட்டையில் சொட்டும். விசேஷத்துக்கு வெள்ளைச் சட்டை போடுவதையே நான் விட்டுவிட்டேன்.

காரணம் ஒரு இரும்புக் கம்பி. முழங்கை நீளம், கட்டை விரல் தடிமன். அந்தக் கம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். என் வேலையைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஹைதராபாத் சனத்நகரில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் இருந்தேன். சேர்ந்தது லாரியிலிருந்து இரும்பு இறக்கும் வேலைக்கு. உள்ளே வருகிற இரும்பைச் சோதித்துக்கொண்டிருந்த ஆள் திடீரென்று துபாய்க்குப் போய்விட்டார். சூப்பர்வைசர் வரிசையாக எல்லோரையும் நிற்க வைத்து, தூரத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டி மேல் எத்தனை காக்காய் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டார். நான் ஏழு என்றேன். மற்றவர்கள் நாலு, ஐந்து என்றார்கள். அன்றிலிருந்து எனக்கு அந்த வேலை.

அந்த மிஷினுக்கு ஸ்டீலோஸ்கோப் என்று பெயர். நாங்கள் பெட்டி என்போம். சோதிக்க வேண்டிய இரும்பை அதன் மேல் வைத்தால், அதற்கும் கீழே இருக்கும் செம்புக் கம்பிக்கும் நடுவில் மின்சாரப் பொறி பறக்கும். பொறியின் வெளிச்சத்தை உள்ளே இருக்கிற கண்ணாடி பிரித்துப் போடும். குழாயில் கண்ணை வைத்தால் சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடிகிற ஒரு பட்டை தெரியும். அதன் குறுக்கே மயிரிழை மாதிரி பளபளவென்று கோடுகள், நூற்றுக்கணக்கில். இரும்பில் கலக்கிற ஒவ்வொரு சரக்குக்கும் அதற்கென்று சில கோடுகள் உண்டு. கோடு இருந்தால் அந்தச் சரக்கு இரும்புக்குள் இருக்கிறது. இல்லையென்றால் இல்லை.

எது எந்தக் கோடு என்பதற்கு ஒரு புத்தகம் கொடுத்தார்கள். எல்லாம் இங்கிலீஷும் நம்பரும். நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான், அதுவும் ரயில்வே காலனியில் நடந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். புத்தகத்தை ஒரு வாரம் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. எட்டாவது நாள் காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போது தோன்றியது. செகந்திராபாத் ஸ்டேஷன், சிவப்பு முனை. சனத்நகர், ஊதா முனை. நடுவில் இருக்கிற ஸ்டாப்புகள்தான் கோடுகள்.

அவ்வளவுதான், எல்லாம் வந்துவிட்டது. சிவப்பில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு மெல்லிய கோடுகள் சிலிக்கான். அவை பாரடைஸ், ரசூல்புரா. பச்சையில் ஒட்டிக்கொண்டு நிற்கிற மூன்று கோடுகள் குரோமியம்; அது கிரீன்லேண்ட்ஸ். நீலத்தில் மாங்கனீஸ், அமீர்பேட். அதற்கும் அப்பால் நிக்கல், எர்ரகட்டா. எர்ர என்றால் தெலுங்கில் சிவப்பு, அது ஏன் நீலத்தில் இருக்கிறது என்று சூப்பர்வைசர் கேட்டார். பஸ் அப்படித்தானே போகிறது என்றேன். மூன்று மாதத்தில் கம்பெனி முழுக்க இதே பேச்சாகிவிட்டது. “அமீர்பேட் வீக்கா இருக்கு, லாரியைத் திருப்பு” என்பார்கள். வெளியாட்களுக்கு ஒன்றும் புரியாது.

எனக்கு உதவிக்கு ஒரு ஆளைப் போட்டார்கள். அவர் மெஹதிபட்டணத்துக்காரர், எங்கள் பஸ்ஸில் ஏறியதே இல்லை. அதனால் கம்பெனி நேரத்திலேயே அவரை இரண்டு நாள் அந்த பஸ்ஸில் போய்வர அனுப்பினார்கள். இரண்டு நாளும் அமீர்பேட் வரும்போது அவர் தூங்கிவிட்டார். ரிட்டையர் ஆகிற வரைக்கும் அந்த மனிதர் எந்த இரும்பிலும் மாங்கனீஸைப் பார்த்ததே கிடையாது. இன்னொரு சமயம் ரோடு வேலைக்காகச் சில மாதம் பஸ்ஸைச் சுற்றி விட்டார்கள். அவர் பொறுப்பாக, சுவரில் நான் வரைந்து ஒட்டியிருந்த படத்தில் கிரீன்லேண்ட்ஸை அடித்துவிட்டார். இரும்பில் குரோமியமே இல்லை என்று நாலு லாரி திரும்பிப் போனது.

நான் அப்படியெல்லாம் இல்லை. என் கண் தப்பாது என்று பெயர் வாங்கியிருந்தேன். இங்கேதான் மச்சான் வருகிறான்.

மச்சான் அப்போது இரும்பு சப்ளையில் இறங்கியிருந்தான். எங்கள் கம்பெனிக்கு அவனுடைய முதல் லாரி. சுருள் வில் செய்கிற கம்பி. அதில் சிலிக்கான் இருக்க வேண்டும்; இருந்தால்தான் வில் அமுங்கிவிட்டுத் திரும்ப எழும்பும். கம்பியைப் பெட்டி மேல் வைத்தேன். பொறி பறந்தது. பார்த்தால் பாரடைஸ் இல்லை. ரசூல்புராவும் இல்லை. அந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, ஈர விரலால் குங்குமத்தைத் துடைத்த மாதிரி ஒரு சிவப்பு இழுப்பு. மற்ற ஸ்டாப்பெல்லாம் அப்படியே இருந்தன. இரும்பின் கோடுகள் ஒன்றுகூட அசையவில்லை. இந்த இரண்டு மட்டும் காணோம். ஐந்து கம்பி வைத்தேன். ஐந்திலும் அதே இழுப்பு.

கேட்டில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். “கலப்படம்” என்று சத்தமாகவே சொன்னேன். உளியை எடுத்து ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் பெருக்கல் குறி அடித்தேன். என் மனைவியின் தம்பி சரக்கென்று நான் விட்டுக்கொடுக்கவில்லை என்று எல்லோரும் பார்த்தார்கள். லாரி திரும்பியது.

கலப்படம் என்ற பெயர் சனத்நகர் முழுக்க மச்சானோடு ஒட்டிக்கொண்டது. ஒரு கம்பெனியும் அவனைக் கேட்டுக்குள் விடவில்லை. இரும்பை விட்டுவிட்டு டென்ட் ஹவுஸ் வைத்தான். விசேஷங்களுக்குப் பந்தல், நாற்காலி, பாத்திரம் வாடகைக்குக் கொடுக்கிற கடை. அந்த லாரியிலிருந்து ஒரே ஒரு கம்பித் துண்டை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டான், என் பெருக்கல் குறியோடு. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதற்குச் சந்தனம், குங்குமம், பொரி எல்லாம் உண்டு. நாங்கள் போகும்போது அதைக் கூடத்தில் எனக்கு எதிர் நாற்காலியில் சாய்த்து வைப்பான். நானும் அதுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

போன வருஷம் அவனுக்கு எழுபது முடிந்தது. சாந்தி செய்து, பெண்டாட்டிக்கு மறுபடி தாலி கட்டுவதாக ஏற்பாடு. பத்திரிகை வைக்க எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் மூன்றடி தூரத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, மாமா வரணும். வந்து மைக்குல ஏறி, கம்பி நல்ல கம்பின்னு சொல்லணும். இல்ல, அது கலப்படந்தான்னா அதையும் மைக்குலயே சொல்லட்டும். எனக்கு எழுபது ஆவுது. ரெண்டுல ஒண்ணு கேக்காம நான் தாலிய கையில எடுக்க மாட்டேன்.”

“டேய், அவ இன்னாடா பாவம் பண்ணா?”

“அவகிட்ட கேட்டுட்டேன். ஹவ், சரி, கேளுங்கன்னுட்டா.”

அவன் போன பிறகு என் மனைவி பத்திரிகையை என் பேப்பர் மேல் வைத்தாள். “என் தம்பி பொண்டாட்டி தாலி உங்க வாயில கீது. ஒயுங்கா யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசிக்க என்ன இருக்கிறது? பார்த்ததைத்தான் சொல்ல முடியும். மைக்கில் ஏறிக் கலப்படம் என்றால் சபை நடுவில் அவன் மேல் இன்னொரு பெருக்கல் குறி அடித்ததாகும். நல்ல கம்பி என்றால் என் கண்ணை நானே பொய்க் கண் என்று சொன்னதாகும். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் என் மனைவி உப்புப் போடவில்லை. மறந்துவிட்டதாகச் சொன்னாள்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் அம்மா ஒரு பெரிய கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவர். தமிழ்நாட்டிலிருந்து வந்து மூன்று வருஷம் ஆகிறது. மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலையா என்று ஆரம்பத்தில் நாங்களும் எல்லோரையும் போலக் கேட்டோம். இல்லை, அணு என்றார். என் மனைவி பயந்துபோய், கேஸ் சிலிண்டரை மாடியில் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

பத்திரிகை வந்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்றடித்து மாடியிலிருந்து ஒரு காகிதம் எங்கள் துணிக்கொடியில் வந்து சிக்கியது. எடுத்துப் பார்த்தேன். கலர் அச்சு. ஒன்றின் கீழ் ஒன்றாக ஆறு பட்டைகள். மேல் பட்டையின் சிவப்பில் இரண்டு மெல்லிய கோடுகள், எனக்குத் தெரிந்த இடத்தில். கீழே வர வர அவை தடித்து, மங்கி, ஒரு பக்கமாக நகர்ந்து, ஆறாவது பட்டையில் வெறும் இழுப்பு. ஈர விரலால் துடைத்த குங்குமம்.

அந்த அம்மா காகிதத்தைத் தேடிக்கொண்டு இறங்கி வந்தார்.

“அங்கிள், என் பேப்பர் இங்க வந்துச்சா?”

“கடைசி பட்டையில பாரடைஸும் ரசூல்புராவும் எங்கம்மா போச்சு?”

அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி ஒன்றும் நடக்காதது போல, “காப்பி சாப்புடுறியாம்மா?” என்றாள். காப்பி முடிவதற்குள் பஸ் கதையை முழுக்கச் சொன்னேன். கம்பியைப் பற்றிச் சொல்லவில்லை.

“எப்படி அங்கிள்! அது ரெண்டும் சிலிக்கான்தான்” என்றார். “ஆறு பட்டையும் ஒரே சிலிக்கான்தான். அதைச் சுத்தி இருக்கிற கூட்டம்தான் வேற.”

“என்ன கூட்டம்?”

“பொறி பறக்கும்போது அந்தச் சூட்டுல அணுக்கள் உடைஞ்சு எலெக்ட்ரான் எல்லாம் வெளிய வந்து அலையும். அதான் பிளாஸ்மா. ஒரு அணு தனியா இருந்தா அதோட எலெக்ட்ரான் படிக்கட்டு மாதிரி, இந்தப் படி, அந்தப் படின்னு கரெக்டா நிக்கும். ஒரு படியிலேர்ந்து இன்னொரு படிக்கு இறங்கும்போது வர்ற வெளிச்சம்தான் உங்க கோடு. சுத்தி கூட்டம் நெருக்கினா படி கொஞ்சம் நகரும். ஒரு இடமா இல்லாம நெளியும். அதனால கோடு தடிக்கும், தள்ளிப் போகும்.”

“எல்லாக் கோடுமா?”

“இல்ல, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு. சிலது அசையவே அசையாது. இந்த ரெண்டும் ரொம்ப ரோஷக்காரக் கோடு. இன்னும் கூட்டம் அதிகமானா மேல்படிகள் இல்லாமயே போயிடும். அங்க நின்ன எலெக்ட்ரான் அணுவை விட்டே போயிடும்.”

“புட்போர்டுல நிக்கிறவன் கூட்டத்துல விழுந்துடுற மாதிரி.”

“அதேதான்! நான் கணக்குப் போடுறதே அந்தப் புட்போர்டு எங்க முடியுதுன்னுதான். நடுவுல நிக்கிற கூட்டம் அணுவோட இழுப்பை மறைச்சிடும். வெளிய இருக்கிறவனுக்கு இழுப்பு தெரியாது. அதான் லேசா கழண்டுக்கிறான்.”

நான் சிரித்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன். சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, “பெட்டியில கூட்டம் எதனாலம்மா ஜாஸ்தி ஆவும்?” என்றேன்.

“பொறி பெருசா இருந்தா. கரன்ட் கூட, கண்டன்சர் பெருசு, அந்த மாதிரி.”

கண்டன்சர். மச்சான் லாரி வந்த அன்று காலையில்தான் பெட்டியின் கண்டன்சர் வெடித்தது. எலெக்ட்ரீஷியன் எங்கிருந்தோ ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். அது குழந்தைப் பால்டப்பா மாதிரி இருந்தது. பழையது தீப்பெட்டி அளவுதான். இவ்வளவு பெரிசா என்று கேட்டதற்கு, “நக்கோ பரேஷான் ஹோ சாச்சா, படா டால்தியா” என்றார். கவலைப்படாதே, பெரிசாகவே போட்டுவிட்டேன் என்று, ஏதோ எனக்குச் சலுகை காட்டியது போல என் முதுகில் தட்டினார். அன்று பொறி வழக்கமான சத்தத்தில் வெடிக்கவில்லை. பட்டாசு மாதிரி வெடித்தது. அந்தச் சத்தம் எனக்கு ஒரு பெருமையாகக்கூட இருந்தது. ஒரு வாரம் கழித்து அந்தக் கண்டன்சரும் வெடித்து, சின்னது வந்துவிட்டது. நான் எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்கவில்லை.

நான் மனைவியிடம் சொல்லவில்லை. நாலு நாள் சொல்லவில்லை. ஐந்தாவது நாள் அவள் மாடிக்கு இட்லிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், ஒரு மணி நேரம் கழித்துப் பாத்திரத்தோடேயே திரும்பி வந்தாள்.

“கண்டன்சருன்னா இன்னா?” என்றாள் வாசலிலிருந்தே.

நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்தேன்.

“அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. கம்பி கதைய சொன்னேன். கம்பியை எட்துகினு வாங்க ஆன்ட்டி, பாத்துடலாம்னு சொல்லிச்சு. வர்ற புதன்கிழமை. தம்பிக்கு போன் போட்டுட்டேன்.” பாத்திரத்தை வைத்துவிட்டு, “நடுவுல நிக்கிற கூட்டம் இழுப்பை மறைக்குமாமே. இருபத்திரண்டு வருஷமா நின்னவளுக்குத் தெரியாதா இன்னா” என்றாள்.

புதன்கிழமை மூன்று பேரும் கிளம்பினோம். மச்சான் கம்பியைக் கல்யாணத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு வந்தான். மெட்ரோவில் போகலாம் என்பது அவன் யோசனை. ஸ்டேஷனில் பை சோதிக்கிற மிஷினுக்குள் துண்டு போனது. செக்யூரிட்டிப் பெண் அதை வெளியே எடுத்துப் பிரித்தார்.

“நக்கோ. ஹதியார் ஹை யே.”

“கைக்கு நக்கோ?” ஏன் கூடாது என்று அவர் பாஷையிலேயே கேட்டான் மச்சான். “ஆயுதம் இல்லம்மா இது. சாட்சி!”

அந்தப் பெண் சாட்சியைத் தூக்கிப் பார்த்தார். பெருக்கல் குறியைப் பார்த்தார். யாரையாவது அடித்தீர்களா என்று தெலுங்கில் கேட்டார். “இதால எனக்குத்தான் அடி” என்றான் மச்சான் தமிழில். ஸ்டேஷனை விட்டு இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

பஸ்ஸில் ஏறினோம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு எங்கள் பஸ்ஸில் ஆண்கள் கால் வைக்கிற இடமும் இல்லை. என் மனைவிக்கு மட்டும் யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். அவள் மடியில் கம்பி. நானும் மச்சானும் அவளுக்கு இரண்டு பக்கமும் தொங்கினோம். பல வருஷம் கழித்து அந்த வழியில் போகிறேன். பாரடைஸ் வந்தது. ஸ்டாப்பின் பெயர்ப்பலகையைத் தாண்டிப் பஸ் போய்க்கொண்டே இருந்தது. பலகைக்கு முன்னால் ஆட்டோக்கள், பழ வண்டிகள், ரோட்டுக்கே வந்துவிட்ட ஜனம். ஐம்பது அடி தள்ளித்தான் டிரைவரால் நிறுத்த முடிந்தது. பின்பக்கப் படிக்கட்டில் தொங்கிய இரண்டு பேர் கூட்டத்தோடு கூட்டமாகக் கழன்று இறங்கினார்கள். அவர்கள் இறங்க நினைத்தார்களா என்பது சந்தேகம்.

“அக்கா, மாமாவைக் கேளு. பலகை இருக்கிற இடம் பாரடைஸா, பஸ் நிக்கிற இடம் பாரடைஸா?”

“இன்னாங்க, பாரடைஸ் எதுன்னு கேக்கிறான்.”

“எப்பவும் இப்படித்தான் தள்ளி நிறுத்துவாங்கன்னு சொல்லு.”

“தெரிஞ்சிருந்தா பெட்டியில ஏன் தெரியலன்னு கேளுக்கா!”

என் மனைவி கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் அவள் எந்த ஊர் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

லேபில் எங்கள் மூவருக்கும் பச்சைக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். என் மனைவி தன் மூக்குக் கண்ணாடிக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டு, காது குத்துகிறது என்றாள். பெட்டிக்குப் பதில் லேசர். கம்பியை ஒரு மேடையில் பிடித்து வைத்தார்கள். டப் என்றது, கம்பியில் ஊசி முனை அளவுக்கு ஒரு குழி.

“எத்தனை குழி போடுவீங்கம்மா?” என்றான் மச்சான். “விசேஷத்துல வைக்கணும்.”

கம்ப்யூட்டரில் கோடு வரவில்லை, மேடும் பள்ளமுமாக வந்தது. எனக்கு மலை தெரியாது, கோடுதான் தெரியும் என்றேன். அந்த அம்மா ஏதோ அழுத்தி அதைப் பட்டையாக மாற்றிக் கொடுத்தார்.

“அங்கிள், பொறி பிறந்த உடனே எடுத்த படம் இது. கண் சிமிட்டுற நேரத்தை லட்சமாக் கூறு போட்டா, அதுல ஒரு கூறு. கூட்டம் அப்பதான் நெருக்கமா இருக்கும்.”

சிவப்பில், இடம் தள்ளி, இழுப்பு. அதே குங்குமம்.

“இதேதான்” என்றேன். “நான் பாத்தது இதேதான்.”

“அக்கா, கலப்படம்ங்கிறாரா?” மச்சான் கம்பியை எடுக்கக் கை நீட்டினான்.

“இருங்க சார்” என்றார் அந்த அம்மா. “அதே கம்பி. இது கொஞ்சம் பிந்தி எடுக்கிறது. பொறி விரிஞ்சு கூட்டம் கலைஞ்ச பிறகு.”

டப். பட்டை வந்தது. மங்கல்தான், ஆனால் அங்கே இரண்டு மயிரிழை. பாரடைஸ், ரசூல்புரா. பலகைக்கு நேராக, முதல் பஸ்ஸுக்கு நிற்கிற இரண்டு பேர் மாதிரி நின்றன.

“கம்பி நல்ல கம்பி” என்றார் அந்த அம்மா. “அங்கிள் கண்ணும் நல்ல கண்ணுதான். ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல.”

மச்சானுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. “அப்போ நான் யாரத் திட்டறது?”

“கண்டன்சரைத்தான் திட்டணும்.”

“கண்டன்சரைத் திட்டறதுக்கா இத்தினி வருஷம் பூஜை போட்டேன்? அக்கா, நீயே சொல்லு!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் அந்தச் சிரிப்போடு வெளியே வந்திருக்கலாம். கண்டன்சர் மேல் போட்டுவிட்டு மைக்கில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் ஒன்று பாக்கி இருந்தது. யாருக்கும் தெரியாதது. எனக்கும் சூப்பர்வைசருக்கும் மட்டும் தெரிந்தது. அவரும் இப்போது இல்லை.

“அவன்கிட்ட சொல்லு” என்றேன் மனைவியிடம். “அன்னிக்கு சூப்பர்வைசர் என்னைத் தனியாக் கூப்ட்டு, உங்க மச்சான் சரக்காச்சே, நாளைக்கு இன்னொரு வாட்டி பாத்துட்டு முடிவு சொல்லலாம்னாரு. நான்தான் வேணாம், என் கண்ணு போதும்னேன். சொந்தக்காரன்னு பாக்கிறான்னு நாலு பேரு சொல்லிடுவாங்கன்னு. வேற ஆளு லாரியா இருந்தா பாத்திருப்பேன். இன்னொரு வாட்டி பாத்திருந்தா, அந்தச் சத்தம் என்னான்னு யோசிச்சிருப்பேன்.”

என் மனைவி பச்சைக் கண்ணாடியைக் கழற்றினாள். இருபத்திரண்டு வருஷத்தில், அன்று பஸ்ஸில் தவிர, அவள் ஒரு வார்த்தையைக்கூட எடுத்துச் செல்லாமல் விட்டதில்லை, சாம்பார் உட்பட.

“இத நான் சொல்ல மாட்டேன்” என்றாள். “நீங்களே சொல்லுங்க.”

மூன்றடி தூரத்தில் அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறான். இருந்தாலும் சொல்ல வேண்டும். திரும்பினேன். அவனும் பச்சைக் கண்ணாடி போட்டிருந்தான், கண் தெரியவில்லை. அதனால்தான் என்னால் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

“மச்சான், இன்னொரு வாட்டி பாக்கச் சொன்னாங்கடா. நான் பாக்கல.”

அவன் கம்பியை மேடையிலிருந்து எடுத்தான். குழி விழுந்த இடத்தைக் கட்டை விரலால் தடவினான். பிறகு தலையை மட்டும் திருப்பி, “அக்கா, மைக்குல இதையும் சேத்து சொல்லணும்னு சொல்லு” என்றான்.

சொன்னேன். விசேஷத்தன்று மேடையில் அவன் டென்ட் ஹவுஸ் நாற்காலியில் கம்பி உட்கார்ந்திருந்தது, சந்தனப் பொட்டோடு. அவன் பெண்டாட்டி கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். கம்பி நல்ல கம்பி என்றேன். இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார்கள், நான் பார்க்கவில்லை என்றேன். மைக் கீ என்று கத்தியது. சனத்நகரிலிருந்து வந்திருந்த பழைய ஆட்கள் நாலைந்து பேர் எழுந்து நின்றார்கள். மற்றவர்கள் பந்தி போட்டுவிட்டார்களா என்று எட்டிப் பார்த்தார்கள். கண்டன்சர் என்று ஆரம்பிப்பதற்குள் நாதஸ்வரக்காரர் பொறுமை போய் வாசித்துவிட்டார். மச்சான் தாலி கட்டினான்.

பந்தியில் உட்கார்ந்தோம். அவன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியோடு வந்தான். என் இலைக்கு முன்னால் நின்றான். அக்காவைப் பார்க்கவில்லை.

“மாமா, சாம்பார் ஊத்தட்டுமா?”

நான் என் மனைவி பக்கம் திரும்பி, “கொஞ்சம் ஊத்தச் சொல்லு” என்றேன்.

அவள் வாயில் வடை இருந்தது. மெதுவாக மென்றாள். எடுத்துச் சொல்வதாக உத்தேசமே இல்லை. கரண்டி அந்தரத்தில் நின்றது. அன்றைக்கென்று பார்த்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன்.